பாஸ்வேர்ட்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் இரும்புக்கடை.
கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைக் கேட்டால்
நல்லசேகரம் அண்ணை எழுதித் தரமாட்டார்.
குனிந்து காதுக்குள் சொல்லுவார்:
நாப்பத்தெட்டாயிரத்தி எழுநூற்றைம்பது.
திரவியநாதன் தரவேண்டிய காசு.

"ஆறு மாசத்துக்கொருக்கா மாத்தோணும் அண்ணை."
"அவன் தரட்டும், மாத்துறன்."

போன கிழமை அவரே கோல் எடுத்தார்.
தந்திட்டாரோ எண்டு கேட்டபடி உள்ளே போனன்.
"செத்தவீட்டுக்குப் போட்டு வாறன்" எண்டார்.
வேட்டிக் கரையில் இன்னும் ஈரமண்.

"புதுசு என்ன போட?"
"எதையாவது போடு."
கரண்ட் இல்லை. யுபிஎஸ்
விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

போட்டன்.
அவருக்கு மனதில் நிக்கேல்லை.
பில் துண்டொன்று கிழித்து, எழுதி,
திரையின் ஓரத்தில் ஒட்டினார்.

அப்பிடி ஒட்டக்கூடாது எண்டு
எல்லாக் கடையிலும் சொல்லுறனான்.