விலையில்லாப் பிரதி

முப்பது கிலோ அனுமதியில்
இருபத்தாறு கிலோ என் நாவல்.
மீதி நான்கில் கைலி, இரண்டு சட்டை,
மனைவி திணித்த பருப்புப்பொடி.
குவைத் சுங்கத்தில் ஒருவர்
பிரதியைத் தலைகீழாகப் புரட்டி
என்ன இது என்றார்.
ரிவாயா என்றேன்.
இத்தனையுமா?
எல்லாம் ஒரே கதைதான் என்றேன்.
பாவம் பார்த்து விட்டுவிட்டார்.

பதிப்பாளர் சொன்ன வழி அது.
"முதல் நூறைச் சும்மா கொடுங்க சார்.
நூறு பேர் படிச்சா ஆயிரம் பேருக்குச் சொல்வான்.
அடுத்த புக்கு தானா ஓடும்."
பெருக்கல் எனக்குப் புதிதில்லை.
ஷுவைக் கிடங்கில் பதினோரு வருஷமாய்
டயர் எண்ணுகிறவன்.

வெள்ளிக்கிழமை. மிர்காப்.
பஸ்களிலிருந்து தமிழ் இறங்கிக்கொண்டே இருக்கும் மாலை.
சும்மா சிம் கார்டு தருகிற பையனுக்குப் பக்கத்தில்
நானும் கடை போட்டேன், கடை இல்லாமல்.

"சீட்டுக் கம்பெனியா?"
"எந்தச் சபை?"
"லோனுன்னா வேணாம்ணே, ஏற்கெனவே ரெண்டு ஓடுது."
நாவல் என்றேன். ஃப்ரீ என்றேன்.
ஃப்ரீ என்றதும் இன்னும் ஓரடி தள்ளி நின்றார்கள்.
மிக்சியும் கிரைண்டரும் வாங்கிய கைகள்தாம்.
ஓட்டுப்பெட்டி இல்லாத இடத்தில்
இவன் எதற்குக் கொடுக்கிறான் என்று
சரியாகவே யோசித்தன.

தானம் கொடுத்த மாட்டைப்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பக்கிரிசாமி பார்த்தார்.
பின்னட்டை, விலை, என் படம், கடைசியாக என்னை.
"நீங்கதானா? படத்துல முடி இருக்கே."
ஒன்றை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டார்.

நாலு வெள்ளியில் நூறும் தீர்ந்தது.
ஒன்றை மெஸ்ஸில் பார்த்தேன், சாம்பார் வாளிக்கு அடியில்.
கடைசி வெள்ளைத்தாளில்
யாரோ ஊருக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு.
கூட்டலில் பிழை. திருத்திவிட்டு வந்தேன்.
மற்றபடி
ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை.
நூறு கல்லைக் கடலில் போட்டவன்கூட
நூறு 'ளொப்' கேட்டிருப்பான்.

ஒன்றரை வருஷம் கழித்து இரண்டாவது நாவல்.
ஒரு தினார். இனி இலவசம் கிடையாது.
அதே இடம், அதே சிம் பையன், மீசை முளைத்திருந்தது.
பக்கிரிசாமி வந்தார்,
கூடவே இன்னாசியும் தமீமும்.
முதல் புத்தகம் எப்படி என்று கேட்டேவிட்டேன்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்கு எழுபதாம் பக்கம் வரைக்கும்ணே.
நடுவுல உள்ளது இன்னாசிகிட்ட, வஃப்ரா தோட்டத்துல.
கடைசி, தமீமுக்கு. ஷுஐபாவுல நைட் டூட்டி."

ஒரே பிரதி.
முதுகில் பிளேடு வைத்து மூன்றாக வகுந்திருக்கிறார்கள்.
வெள்ளிதோறும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.
மாற்றவில்லை. சமைத்துக்கொண்டே
வாயால் சொல்லிக்கொண்டார்கள்.
"வடிவு செத்ததுக்கு நான் அழுதுட்டேன்," என்றான் தமீம்,
"அப்பறம்தான் அவ யாருன்னே இவரு சொன்னாரு."
இன்னாசி சொன்னார்,
அந்தத் தம்பிக்காரன் கூட நின்றிருக்கலாம் என்று.
வடிவுக்குத் தம்பி கிடையாது.
பக்கிரிசாமி வைத்த தம்பி.
நல்ல பையனாகத்தான் தெரிகிறான்.
எனக்கு ஏன் தோன்றாமல் போனான்?

"ரூம்ல ஒன்பது பேரு. ஆளுக்கு நூறு ஃபில்ஸ்.
தொள்ளாயிரம் இருக்கு, எண்ணிக்கங்க.
குறையுற நூறுக்குப் பதிலா
ஒண்ணுமில்ல, உங்க பேரைச் சொல்லுவோம்.
ஆனா இந்தத் தடவை நீங்களே வெட்டிக் கொடுங்க.
எங்க வெட்டணும்னு
எழுதுனவருக்குத்தானே தெரியும்."

சட்டைப் பையில் கிடங்குக் கட்டர் இருக்கிறது.
புரட்டுகிறேன், முன்னால், பின்னால்.
மூன்று வருஷம் எழுதியது.
ஃபஹாஹீல் பஸ் கதவைத் திறந்துவிட்டது.

"என்னண்ணே," என்கிறார் இன்னாசி,
"வெட்ட இடமே இல்லையா,
இல்ல, எங்க வெட்டினாலும் ஒண்ணுதானா?"