இருபத்தேழாம் எலி

ட்ரோண்ட்ஹெய்மில் நவம்பர்.
மூன்று மணிக்கே பொழுது சாய்ந்து
மூடுபனியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நதி.
இதுன் ஹௌக்லிக்கு அது தெரியாது.
அவள் இருப்பது சன்னல் இல்லாத அறையில்.

தெர்மகோல் பந்தின்மேல் ஓடுகிறது எலி.
தலையைப் பிணைத்தாயிற்று, கால் மட்டும் அதன் வசம்.
மூன்று பக்கமும் திரை,
திரைக்குள் ஒரு தாழ்வாரம்,
பச்சைக் கோடு, கறுப்புக் கோடு,
கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
ஓடி ஓடி ஓரடியும் நகர்வதில்லை எலி.
போய்ச் சேர்ந்ததாக நம்புகிறது.

மண்டைக்குள் மயிரிலும் மெல்லிய கம்பி.
ஒரு செல் வாய் திறந்தால்
ஒலிபெருக்கியில் கடுகு வெடிக்கும்.
பச்சைக் கோட்டருகே ஒன்று,
அதைத் தாண்டினால் வேறொன்று.
எந்தக் கடுகு எந்த இடம் என்று
இதுனுக்கு இப்போது காதே சொல்லிவிடும்.

நேற்று திரையை மட்டும் இருமடங்கு வேகமாக ஓட விட்டாள்.
கால் பத்து என்றது.
கண் இருபது என்றது.
செல் பஞ்சாயத்துப் பண்ணிப்
பதினாலில் வெடித்தது.
குறிப்பேட்டில் எழுதினாள்:
‘யார் பேச்சையும் தள்ளவில்லை.’

இன்று விளக்கை அணைத்தாள்.
இருட்டில் தன் அடிகளையே எண்ணிப் போனது எலி.
முதல் ஓட்டம் சரி.
ஐந்தாவதில் ஒரு விரற்கடை பிசகு.
பத்தாவதில் கந்துவட்டி போல ஏறிவிட்டது பிழை.
சொரசொரத் தகடொன்றை அவள் நீட்ட,
மீசை அதில் உரசிய கணமே
பழைய கடன் தள்ளுபடி,
ஒன்றிலிருந்து மறுபடி.

பிறகு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்தாள்.
அதே தாழ்வாரம், அதே கோடுகள், அதே நான்கு கால்.
கடைசிச் சொட்டருகே பொரிந்துகொண்டிருந்தவை மட்டும்
வாயை மூடிக்கொண்டன.
இடம் எங்கும் போகவில்லை.
வேண்டியிருந்த இடம்தான் போய்விட்டது.

“தாகம் தீர்ந்த ஊர்ல நீ எங்க இருக்கே?”
மெதுவாகக் கேட்டாள்.
இருபத்தேழாம் எண்
முன்னங்காலால் முகம் கழுவிக்கொண்டது.

ஏழு மணி.
கையுறையில் ஒன்றைக் காணோம்.
மதியம் சாப்பிட மறந்தது
வெளியே வந்தபின்தான் நினைவுக்கு வந்தது.
தெருவிளக்கெல்லாம் பாலில் கரைந்த மஞ்சள்.
தன் கையே தனக்குப் புகைமூட்டம்.
இருந்தும் தயங்கவில்லை கால்கள்:
குண்டுக்கல் பாவிய சரிவு,
இடக்காதில் நதி,
பேக்கரி மூலையில் ஏலக்காய் மணம்,
பாலத்தின் மரப்பலகை முதுகு,
பிறகு வலப்பக்கம், பிறகு மேடு.
உள்காதின் திரவம் ஒவ்வொரு திருப்பத்தையும்
கேட்காமலே குறித்துக்கொண்டது.

சாவியை நுழைத்தாள்.
போகவில்லை.
திருப்பிப் பார்த்தாள், போகவில்லை.
கதவு நீலம். கதவில்
யொர்தானோஸ் தெஸ்ஃபாமரியம் என்று பெயர்.

ஏப்ரலில் காலி செய்த வீடு இது.
அவளும் அஸ்லாக்கும் ஆறு வருஷம்,
பிறகு ஆளுக்கொரு திசை.
புது வீடு நதிக்கு அந்தப் பக்கம்,
ஏழு மாதமாக நாள் தவறாமல் போய் வருகிற பக்கம்.
இன்றைக்கு மட்டும் ஏன்
என்று நினைக்கும்போதே வயிறு பதில் சொன்னது:
வியாழக்கிழமை.
வியாழன்தோறும் மீன்சூப் வைப்பான் அஸ்லாக்,
ஏழரைக்குச் சரியாக,
வெண்ணெய் மிதக்க.

உரசல் கேட்டுக் கதவு திறந்தது.
உள்ளேயிருந்து வந்தது வெந்தய மணம், மீன் அல்ல.
“யாரு வேணும்?”
“வழி தப்பிட்டேன்.”
கையில் நீட்டியபடியே இருந்த சாவியை
அந்தப் பெண் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.

“இந்த வாசல்ல மூணே படி,” என்றாள்.
“தினமும் நாலாவதைத் தேடித்தான் என் காலு இறங்குது.
அஸ்மராவுல நாலு.”

வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.
இதுன் இறங்கினாள், மூன்று படி.
பனிக்குள் நதி இப்போது எந்தக் காதில்
என்று புரியவில்லை.
கையுறை இல்லாத கையை நீட்டி
ஈரச் சுவரைத் தொட்டாள்.
ஒன்று.