ஆலன் ஆப்பிள்

அக்டோபர் முப்பத்தொன்று. மூன்டாவில் வசந்தம்.
கோதுமையில் இப்போதுதான் பால் முற்றுகிறது.
கார்ன்வால்காரர்களுக்கோ நாளை குளிர்காலம் பிறக்கிறது.
நாட்காட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள்
பருவத்தைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

மார்ச்சில் பறித்து
ஏழு மாதம் குளிர்கிடங்கில் கிடந்த ஆப்பிள்கள்,
அடிலெய்டு மலையிலிருந்து நாற்பது பெட்டி,
என் லாரியில்தான் வந்தன.

“சிறுசு” என்றாள் ஜெனிஃபர் ட்ரெகில்காஸ்,
துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தபடி.
முகம் தெரிய வேண்டுமாம்.
செம்பு தோண்டவந்த குடும்பம்;
புளி போட்டுத் துலக்கியதுபோல்தான் இருந்தது.

ரசீதோடு ஒன்றை என்னிடமும் நீட்டினாள்:
“தலையணைக்குக் கீழே வை.
கட்டிக்கப்போற ஆள் கனவில் வரும்.”

எனக்கு நாற்பத்தாறு. சொல்லவில்லை.

மோட்டல் கட்டிலில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.
மூன்று மணிக்குப் பசி.
இருட்டிலேயே கடித்தேன்.
மாவாகிப்போன சதை,
ஆனாலும் இனிப்பு,
நடுவில் இன்னும் கிடங்கின் குளிர்.

காலையில் காலிப் பெட்டிகளை ஏற்றும்போது
“யார் வந்தது?” என்றாள்.
சட்டைப்பையிலிருந்து விதைகளை எடுத்துக் காட்டினேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினாள்.
ஐந்து.

“அடுத்த வருஷம்
பெரிசாப் பார்த்துக் கொண்டு வா.”