முதலில் ஹாரன்

செல்லூரில் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் விழிப்பதில்லை.
சத்தம் நின்றால்தான் விழிக்கும்.

இரவு இரண்டு நாற்பது.
கரண்ட் போய்
சந்து முழுக்க விசைத்தறிகள் ஒரே நேரத்தில் வாயை மூட
தூளிக்குள் அவள் வாயைத் திறந்தாள்.

நாலு மாதம். ஆறு கிலோ.
அந்த உடம்பில் இவ்வளவு கோபத்தை
எங்கே மடித்து வைத்திருந்தாள்?
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்,
முகம், முஷ்டி, உள்ளங்கால் எல்லாம் பழுத்த மிளகாய்.
மூச்சு உள்ளே போய்
வெளியே வர மறந்து
நான் எண்ணத் தொடங்கினேன், ஒன்று, இரண்டு.
பிறகுதான் வந்தது அந்த வீறல்.

தமயந்திக்கு இந்த வாரம் முழுக்க நைட் டூட்டி,
பெரியாஸ்பத்திரியில், அடுத்தவர் பிள்ளைகளோடு.
செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:
"தலைக்குள்ள பயப்படுற இடம் பிறக்கும்போதே ரெடி.
அமத்துற இடம் வளர்ந்து முடிய இருபது வருசத்துக்கு மேல ஆகும்.
ஒங்க பாஷையில சொன்னா,
ஹாரன் மாட்டியாச்சு, பிரேக் இன்னும் வரல.
அதுவரைக்கும் ஒங்க காலுதான் அவளுக்கு பிரேக்கு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.
என் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பகலில் சிம்மக்கல் முக்கில்
குறுக்கே பாய்ந்தவனை என்ன சொல்லித் திட்டினேன் என்று
இங்கே எழுத முடியாது.
அதே நெஞ்சு, அதே படபடப்போடு
இவளை வாரித் தூக்கி
அழாதே, அழாதே, அழாதே என்றேன்.
ஒவ்வொரு அழாதேவும் ஒரு ஹாரன்.
அவள் பதிலுக்கு அடித்தாள்.
ஆற்றுப் பாலத்தில் சாயங்காலம் ஆறு மணி மாதிரி
நாங்கள் இரண்டு பேரும்.

ஒரு கணம்
அவள் தோள் எவ்வளவு சின்னது என்று
என் விரல்களுக்குத் தெரிந்தது.
கீழே விட்டேன். பாயில், மல்லாக்க.
எழுந்து குழாயடிக்குப் போனேன்.
ஒரு செம்புத் தண்ணீர் தலையில். இன்னொன்று.
உள்ளே அழுகை. மூன்றாவது செம்பு.
இதைத் தமயந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈரத்தலையோடு திரும்பி
பக்கத்தில் படுத்தேன், தூக்கவில்லை.
அவள் வயிற்றின் மேல் என் உள்ளங்கை.
ஏதாவது பேச வேண்டுமே என்று
ஸ்டாப்பிங் பெயர்களைச் சொன்னேன், மெதுவாக,
ஆளில்லாத வண்டி ஓட்டுகிறவன் போல.
கோரிப்பாளையம்...
யானைக்கல்...
சிம்மக்கல்...
பெரியார்.
மறுபடி கோரிப்பாளையம்.
என் தலையிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழ
அழுகை தடுக்கி நின்று
அது என்னவென்று யோசித்தது.

இரண்டாவது யானைக்கல்லில் என் மூச்சு நீண்டது.
நாலாவதில் அவளுடையது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
முன்பெல்லாம் விட மாட்டேன்,
கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி என் பக்கம் இழுப்பேன்,
அப்பன் முகம் பிடிக்கவில்லையா என்று உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.
அப்பன் முகமும் சில நேரம் எதிரே வரும் ஹெட்லைட்தான்.
இன்று பார்க்காமல் இருக்கட்டும் என்று விட்டேன்.

சுவரின் இருட்டைப் பார்த்தபடி
இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.
மூக்கில் இடித்தது. கண்ணில் இடித்தது.
சுற்றிப் போய் ஒருவழியாக ஸ்டாப்பிங் வந்தது.
புது பிரேக் ஷூ முதன்முதலில் பிடிப்பது இப்படித்தான்,
பாதி வழுக்கல், பாதி பிடிப்பு,
நம்பி மிதிக்கக் கூடாது.

மூன்றே காலுக்குக் கரண்ட் வந்தது.
அத்தனை தறியும் தடதடவென்று ஒன்றாக எழ
இரண்டு கையும் விரிய அவள் திடுக்கிட்டாள்.
உதடு பிதுங்கியது.
விரல் நழுவியது.
திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை.
மூச்சு விட்டேன்,
அவள் பார்க்கும்படி.