ஐம்பது இறாத்தல்

மார்க்கத்தில் பெப்ரவரி. கராஜுக்குள்
பசை பிடிக்குதில்லை.
தர்மினி ஒவ்வொரு லேபலையும்
ஹெயார் டிரையரால் சூடேற்றி ஒட்டுகிறாள்,
கோப்பையின் அடியில்
தொழிற்சாலை போட்ட கோடுகளின் மேல்
எங்கள் கோடுகள்.
மூலை மடியக்கூடாது.
பைக்கு வெளியேயிருந்தும் தெரியவேண்டும்.
பெட்டி லேபலோ, பிளக்கிற கத்தி ஓடும் வழியில்
இருக்கவே கூடாது.

நாற்பத்தொரு நாய்க் கோப்பைகள்.
எங்களிடம் நாய் இல்லை.

மூச்சுத் திணறும், குழந்தைக்கு எட்டாமல் வை
என்றிருக்கும் பையை
மடியில் விரித்துச் சின்னவன் வாசிக்கிறான்,
பிறகு பிரெஞ்சிலும்.

தராசு குளியலறையிலிருந்து வந்தது.
பெட்டியைக் கட்டிப்பிடித்து ஏறுகிறேன்: இருநூற்றுப் பதினொன்று.
இறக்கிவைத்து ஏறுகிறேன்: நூற்றறுபது.
ஐம்பத்தொன்று.
ஐம்பதுக்கு மேல் ஏற்கமாட்டார்கள்.
"ரெண்டு நாளைக்குச் சோத்தைக் குறையுங்கோ."
"கழிக்கிற கணக்கு, தர்மினி.
நான் மெலிஞ்சால் பெட்டி மெலியாது."
சிரித்ததில் பெட்டி லேபல் கோணிப்போயிற்று.

டேப்பைக் கிழித்து ஒன்றை வெளியே எடுத்தோம்.
லொறி வந்தது. நாற்பது போயிற்று.

மிஞ்சியதில் இப்போது சின்னவன்
பாலும் சோளப்பொரியும் சாப்பிடுகிறான்,
உள்ளே வரைந்த எலும்பு தெரியும்வரை.
தினமும் கழுவுகிறேன்.
லேபல் போகவில்லை.
அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறாள்.