பதினாலாம் அறையின் நிலவரம்

காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து தெய்வசிகாமணி கூப்பிடுகிறார்:
"மேடம், பதினாலு காலியா இருக்கு.
பூட்டு தொங்குது, சாவி என் கையில.
ஆனா கம்ப்யூட்டர்ல ஆளு இருக்காரு."

சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி.
மின்விசிறி வெந்த காற்றையே
திருப்பித் திருப்பிப் பரிமாறுகிறது.
போனை வைக்காமலே மடிக்கணினியைத் திறக்கிறேன்.

அந்த நிரலை எழுதியவள் நான்தான்.
விருந்தினர் என்றொரு வகுப்பு.
அதற்குத் தெரிந்த வினைகள் நான்கு:
தேடு, சேமி, நீக்கு, புதுப்பி.
எல்லாம் ஏவல், ஒருமை.
சேமியுங்கள் என்று நிரலிடம் யாரும் கெஞ்சுவதில்லை.

தேடு என்றால்
வட்டில் படுத்திருக்கும் வரியை எழுப்பி அழைத்து வராது.
அதன் சாயலில் ஒருவரைச் செய்து
நினைவகத்தில் நிறுத்தும்.
வரி அங்கேயே. நிற்பவர் இங்கே.
இருவருக்கும் ஒரே எண், ஒரே ஊர்.
அந்த நொடியிலிருந்து
அங்கே நடப்பது இங்கே தெரியாது.

ரதீன் மாஜி, பாங்குரா. உடன் மனைவி ஷெபாலி.
வருகை மார்ச் இரண்டு.
வந்த நோக்கம்: இந்தத் தெருவில்
எல்லோரும் எழுதும் அந்த ஒரே சொல்.

பதிவேட்டைக் கீழிருந்து படிக்கிறேன்.
அதிகாலை 4:10. இரவுப் பணி ரியாஸ், கைப்பேசியில்.
நிலை: காலி செய்தாயிற்று.
ஆட்கள்: இரண்டு என்பதை ஒன்று ஆக்கியிருக்கிறான்.
4:11. மறுபடி இரண்டு.
4:19. ஒன்று.
எட்டு நிமிடம் அவன் என்ன செய்தான் என்பதற்கு
என் அட்டவணையில் புலமில்லை.

காலை 9:32. வரவேற்பு மேசை.
நேற்றிரவு திறந்த திரை, மூடாமலே,
அதில் நேற்றைய ரதீன் மாஜி.
தெய்வசிகாமணி போன் நம்பரில் ஓர் இலக்கத்தைத் திருத்துகிறார்.
ஏழு இல்லை, ஒன்று.
சேமி.

என் சேமி மகா விசுவாசி.
திருத்திய இலக்கத்தை மட்டும் கொண்டுபோ என்று
நான் அதற்குச் சொல்லித்தரவில்லை.
கையிலிருந்த அத்தனையையும் கொண்டுபோய்க் கொட்டியது,
நிலை: தங்கியிருக்கிறார்,
ஆட்கள்: இரண்டு.
நாலு மணியின் மேல்
நேற்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"டெலிட் பண்ணிடலாமா மேடம்?"

நீக்கு அழிப்பது வரியை மட்டும்.
நினைவகத்தில் நிற்பவர் நிற்பார்,
பெயரோடு, இருமலுக்கென்று கேட்ட வெந்நீர்க் குறிப்போடு,
தன் வரி போனது தெரியாமல்.
யாராவது கை தவறிச் சேமி என்றால்
இன்றுதான் வந்தவர்போல உள்ளே போவார்.

"வேண்டாம். நான் சொன்னதும் ரெஃப்ரெஷ் மட்டும் அழுத்துங்க."

திருத்தம் மூன்றே வரி.
மாறிய புலத்தை மட்டும் எழுது.
எழுதுமுன் பதிப்பெண்ணைப் பார்.
பொருந்தவில்லையா, மறுத்துவிடு.
இதை மார்ச்சுக்கு முன்பே எழுதியிருக்கலாம்.

பிறகு, கையாலேயே, அவருடைய வரி.
நிலையை மாற்றினேன்.
ஆட்கள் என்ற கட்டத்தில் விரல் நின்றது.
அவனுக்கும் இங்கேதான் நின்றிருக்கும்.

(இந்த மாவட்டம் பெயர் மாறி, மூன்றாய்ப் பிரிந்து,
எத்தனையோ வருஷம் ஆகிறது.
லாட்ஜ் ரசீதில் இன்னும் வடாற்காடு.
அதைப் புதுப்பிக்க யாரும் கூப்பிடவில்லை.
யார் மேலும் அது போய் உட்காரவுமில்லை.)

"இப்ப அழுத்துங்க."

கையிலிருப்பதை எல்லாம் கீழே போட்டு
வரியிடம் போய்க் கேட்டு வருவது, அதுதான் புதுப்பி.
நான்கில் அது ஒன்றுதான்
தான் சொன்னதே சரி என்று சாதிக்காது.

"ஆங், காலின்னு வந்துடுச்சு.
வெளிய கௌஹாத்தி ஃபேமிலி ஒண்ணு நிக்குது மேடம், மூணு பேரு.
போட்டுடறேன்."

புதிய படிவம்.
சேமிக்கும்வரை அவர்களுக்கு எண் கிடையாது.
அவர் போனை வைக்க மறந்துவிட்டார்.
தெரியாத மொழிப் பெயர் ஒன்றை
எழுத்தெழுத்தாகக் கேட்டு, தப்பாகச் சொல்லி,
மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.