இரண்டாம் பரிசு

தம்பெரே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
டிசம்பர் குலுக்கல்.
முதல் பரிசு ஆறு கிலோ பன்றித் தொடை.
அது ஐலாவுக்குப் போனது.
இரண்டாம் பரிசு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார்.
என் சீட்டு பச்சை, எண் நாற்பத்தொன்று.
எல்லோரும் கைதட்டினார்கள்.
எனக்குத் தொடைதான் வேண்டியிருந்தது.

ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை
அடுப்படி மேசையில் வைத்துத் தட்டினால்
கொசு இருமுகிறது.
மூன்று வாரம் கொசுவோடு குடித்தனம்.
பிறகு எண்பது யூரோவைக்
கையுறைக்குள் மடித்து வைத்து,
கிட்டாரைப் போர்வையில் சுற்றி
ட்ராம் ஏறினேன்.

கடையில் பாதி புதுசு, பாதி யாரோ விட்டுப்போனது.
யொவ்கோ என்று சட்டையில் பெயர்.
"எத்தனை வாட்?" என்றார்,
செருப்பு அளவு கேட்பதுபோல்.

"பக்கத்து வீட்டு வொய்த்தோ பஸ் ஓட்டுகிறவர்,
விடிகாலை நாலரைக்கு எழுந்து போகிறவர்.
அவர் தும்மினால்
இந்தப் பக்கம் நான் 'நூறு' சொல்லிவிடுவேன்,
சுவர் அவ்வளவு மெலிசு.
அதற்குத் தகுந்த வாட்."

அவர் காட்டிய முதல் ஆம்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
உள்ளே கண்ணாடிக் குழல்கள் தணலாய் எரிந்தன.
ஒன்றில் வைத்தால் தூங்குமாம்,
நாலில் வைத்தால்தான் விழிக்குமாம்.
நாலில் வைத்தால் வொய்த்தோவும் விழிப்பார்.
விலையை நான் கேட்கவில்லை.
அட்டையில் இருந்தது, மூன்று இலக்கம், முதல் இலக்கம் ஒன்பது.

அடுத்தது புதுசு.
போனோடு சேர்த்தால் நூற்றிருபது குரல்:
குகை, தேவாலயம், விண்வெளி.
எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கார்ட்.
குகையில் வாசித்தாலும் அது அதேதான்.

ட்ரம் முக்காலிகளுக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி
இன்னொன்று கிடந்தது.
பத்து வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர்,
முன்துணியில் பூனை நகம்,
தொலைந்த குமிழுக்குப் பதில் பற்பசை மூடி.
ஹெட்ஃபோன் துளை உண்டு.
அறுபத்தைந்து.

மூலையில் ஒரு பையன்
பத்து விரலும் பற்றி எரிகிறாற்போல் வாசித்தான்.
அவன் போகட்டும் என்று
கம்பிப் பொட்டலங்களின் விலையை இரண்டு முறை படித்தேன்.

போனான். செருகினேன். வாசிக்கவில்லை.
பதினேழு வருடம் எட்டு வாஷிங் மெஷின்களோடு நிற்கிறவள் நான்;
எது வியாழக்கிழமை படுக்கும் என்று
முனகலிலேயே சொல்வேன்.
குனிந்து காதைக் கொடுத்தேன்.
இது சோம்பல் முனகல். நோய் முனகல் இல்லை.

கம்பியில் கை பட்டது.
முனகல் நின்றது.
எடுத்தேன், வந்தது.
தொட்டேன், போனது.
"உடைத்துவிட்டேனா?"

"பாதி இரைச்சல் உங்களுடையது," என்றார் யொவ்கோ.
"காற்றில் இருப்பதையெல்லாம் உடம்பு பிடிக்கும், ஏரியல் மாதிரி.
கம்பியைத் தொட்டதும் எர்த்துக்கு இறங்கிவிடும்."

ஐம்பத்திரண்டு வயதுவரை
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
இன்னும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஒரு தரம்.
அவர் ரசீது எழுதத் தொடங்கியிருந்தார்.

பற்பசை மூடிக்காக ஐந்து குறைத்தார்.
கேபிள் தனியாம், பதினைந்து.
மீதி ஐந்துக்கு உருளைக்கிழங்கு.

வெளியே மைனஸ் பதினெட்டு.
தள்ளுவண்டியில் கிழங்குக்கு மேல் ஆம்ப்,
ஆம்புக்கு மேல் என் கழுத்துத்துணி.
"வீடு போனதும் செருகாதீர்கள்," என்று சொல்லியிருந்தார்,
"ஒரு மணி நேரம் குளிர் இறங்கட்டும்,
உள்ளே வியர்க்கும்."

வியர்த்தது.
அடுப்படித் தரையில்
நெற்றி முழுக்க நீர் கோத்து உட்கார்ந்திருக்கிறது,
தேர்வெழுத வந்த பிள்ளையைப்போல்.
துடைத்தேன். மறுபடி கோத்தது.
எதிரே நான், மடியில் கிட்டார்,
செருகாத கேபிள் தோளில்.
கிழங்கு வேகிறது.
கொசு ஒரு முறை இருமியது.

சுவருக்கு அப்பால் வொய்த்தோ தும்மினார்.

"நூறு," என்றேன்.

எட்டேகால்.
இன்னும் நாற்பது நிமிடம்.